நாலாவது டைமிங் லைட்டு

அந்தப் பொட்டியை மேல வெக்க வேண்டாமுங்க தம்பி, என்ற மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா சூலூர்ப் பள்ளத்துல ஒரு தூக்குத் தூக்கிப் போடுவான், உள்ளார இருக்கற பல்பு போயிரும். உங்களுக்கு முட்டி இடிச்சாச் சொல்லுங்க, கீழ காலுக்கு நடுவால வெச்சுக்கறேன். இல்லீங்க, கீழ வெச்சாலும் அதிரும். மடிதான் சரி. நீங்க கரூர் வரைக்குமுங்களா? நானும் கரூர்தானுங்க.

மணி என்னங்க? ரெண்டே முக்காலா? சிங்காநல்லூர்லயே கால் மணி நேரத்தை முழுங்கிட்டான் பாருங்க. இந்த சன்னலு இப்படித்தான், முழுசா ஏறாது. நான் ஏத்தறேன் இருங்க. ம்ஹூம். இந்த பஸ்ஸுக்கு பாடி கட்டுனது எங்கூர்லதானுங்க. ஒயரு ஓடற பட்டையைப் பாத்தாலே எந்தப் பட்டறைன்னு சொல்லிருவேன். முப்பத்தோரு வருசம் பஸ் பாடி கட்டற பட்டறையில ஒயரிங் பாத்தவன் நான். குழந்தைவேலுன்னு கேட்டா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். போன வருசத்தோட போதும்னு நின்னுக்கிட்டேன்.

பொட்டிக்குள்ள என்னன்னுதான கேட்டீங்க? டைமிங் லைட்டுங்க. காருக்கு. புதுக் காருக்கெல்லாம் இது வேண்டியதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்குது. என்கிட்ட இருக்கறது எழுவத்தி நாலாம் வருசத்து அம்பாசிடருங்க. இஞ்சினுக்குள்ள பெட்ரோலுக்குத் தீப்பொறி விழணுமில்லைங்களா, அது விழற நேரம் கரெக்டா இருக்கோணும். முந்தி விழுந்தா டொக்கு டொக்குன்னு இடிக்கும். பிந்தி விழுந்தா வண்டி இழுக்காது, சூடாகி தண்ணி கொதிச்சுரும். அந்த நேரத்தைக் கண்ணுல காட்டறதுதான் இது. பாக்கறதுக்குத் துப்பாக்கியாட்டம் இருக்கும். மொத பிளக்கு ஒயர்ல இந்தக் கிளிப்பை மாட்டிட்டு பட்டனை அமுக்குனா, பொறி விழற ஒவ்வொரு தடவையும் லைட்டு பளிச்சுனு அடிக்கும். இஞ்சினு முன்னாடி சுத்திட்டு இருக்கற புல்லி சக்கரம் அப்படியே நின்ன மாதிரி தெரியும். புல்லியில ஒரு வெட்டு இருக்குது, பக்கத்துல கவர்ல முள்ளு இருக்குது. வெட்டு எந்த முள்ளுக்கு நேரா நிக்குதுன்னு பாத்து, பொறியைப் பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை இப்படியோ அப்படியோ திருப்போணும். அவ்வளவுதாங்க வேலை. சொல்றதுக்கு அஞ்சு நிமிசம். லைட்டு நல்ல லைட்டா இருந்தா செய்யறதுக்கும் அஞ்சு நிமிசம்.

லைட்டு நல்ல லைட்டா இருக்கோணும். அதுதான் பேச்சே.

இது நாலாவதுங்க. சிரிக்காதீங்க. மொதல்ல ஒண்ணு வெச்சிருந்தேன், பேனா தண்டி, பிளக்குக்கும் ஒயருக்கும் நடுவால சொருகறது. மின்மினிப் பூச்சி கூட அதை விட வெளிச்சம் குடுக்கும். ரெண்டாவது ஆன்லைன்ல வாங்குனது. அதப் பத்தி அப்புறம் சொல்றேன், என்ற குடியைக் கெடுத்ததே அதுதான். மூணாவது, பின்னாடி திருகு வெச்சது, நம்பரெல்லாம் எரியும். ஈரோட்டுல வாங்குனேன். பத்து நாளு வெச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன். ஏன்னா தம்பி, திருகு வெச்ச லைட்டு என்ன பண்ணும்னா, நீங்க எத்தனை டிகிரின்னு திருகுறீங்களோ அத்தனை டிகிரி தள்ளி அடிக்கும். சௌகரியந்தான். ஆனா அந்தத் திருகே தப்பா இருந்துச்சுன்னா? அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு நமக்கெப்படித் தெரியும்? அதனால இந்த வாட்டி திருகு கிருகு ஒண்ணும் வேண்டாம்னுட்டேன். இருக்கறதை இருக்கற மாதிரிக் காட்டுற லைட்டு போதும்.

காலையில ஒம்போதே காலுக்குக் கடைக்குள்ள போனவன் பன்னெண்டரைக்குத்தான் வெளிய வந்தேன். அஞ்சு லைட்டைப் பிரிக்கச் சொன்னேன். கிளிப்பு இரும்பா பிளாஸ்டிக்கான்னு பாத்தேன், வாயி முழுசா மூடுதான்னு பாத்தேன். பேட்டரிக்குப் போற ஒயரு நீளம் பத்தலீன்னா ஃபேன்ல சிக்கிக்கும், அதை அளந்து பாத்தேன். கடைக்காரரு நல்ல மனுசன், ஆனா அவருக்கே பொறுமை போயிருச்சுங்க. அண்ணா, பழைய வண்டிக்கு இதுல எதை எடுத்துட்டுப் போனாலும் வேலை நடக்கும், எதுக்கு இப்படி அலப்பறை பண்ணிக்கறீங்கன்னாரு. அவருக்கென்ன தெரியும். எது எடுத்தாலும் ஒண்ணுதான்னா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமுங்களா?

என்ன கதின்னா, என்ற ஊட்டுக்காரி தெய்வானை நாலு மாசமா அவ அண்ணன் ஊட்டுல இருக்கறா. காங்கயத்துல. இந்த பஸ்ஸு அங்க நிக்குமில்லைங்க, அந்தக் காங்கயந்தான். மச்சான் நாச்சிமுத்து கொப்பரைக் களம் வெச்சிருக்காரு, பஸ் ஸ்டாண்டுல இருந்து கூப்பிடு தூரம். சண்டை கிண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இருபத்தொம்பது வருசத்துல நாங்க சத்தம் போட்டுப் பேசிக்கிட்டது கெடையாது. எல்லாம் அந்த ரெண்டாவது லைட்டால வந்த வினை.

சொல்றேன். மணி என்னாச்சுங்க? சரி, சரி.

அவிய அம்மா, என்ற மாமியாரு, ரொம்ப நாளாப் படுக்கையில இருந்தாங்க. ஒரு வெள்ளிக்கெழமை விடியக்காலம் போயிட்டாங்க. மச்சான் எனக்குப் போன் பண்ணுனாரு. ஏழே காலுக்குங்க. ஏழே காலுக்குப் போன் வருது, அம்மா போயிருச்சு மாப்பிள்ளை, பத்தரைக்கு ராகு காலம் பொறக்குது, அதுக்குள்ள எடுத்தரலாம்னு பெரியவங்க சொல்றாங்க, தெய்வானையைக் கூட்டிட்டு வெரசா வாங்கன்னாரு. கரூர்ல இருந்து காங்கயம் ஒண்ணே கால் மணி நேரம், மிஞ்சிப் போனா ஒண்ணரை. எட்டு மணிக்குக் கெளம்புனாக்கூட ஒம்போதரைக்குப் போய்ச் சேந்துருவோம். பக்கத்து ஊட்டு ஆளு வந்து, டாக்சி சொல்லட்டுமான்னு கேட்டாரு. எதுக்குங்க டாக்சி? ஊட்டுல காரை வெச்சுக்கிட்டு எழவு ஊட்டுக்கு வாடகை வண்டியில போறதா? வேண்டாம்னுட்டேன்.

எட்டு மணிக்குக் கெளம்பியாச்சு. க.பரமத்தி தாண்டல, வண்டி இழுக்கலீங்க. மிதிக்கறேன், மிதிக்கறேன், நாப்பதுக்கு மேல போகமாட்டேங்குது. தென்னிலை கிட்டப் போறப்ப தண்ணி கொதிச்சு, பேனட்டுல இருந்து பொகை. என்னன்னு பாத்தா, காலையில நான் வெச்ச டைமிங்கு பிந்திக் கெடக்குது. அந்த லைட்டுக் கிளிப்பு பிளாஸ்டிக்குங்க, வாயி முழுசா மூடாது. மூடலைன்னா பக்கத்து ஒயர்ல போற கரண்டையும் சேத்து இழுத்துக்கும். கண்ட நேரத்துல அடிக்கும். வெட்டு ஒரு எடத்துல நிக்காம குதிச்சுக்கிட்டே இருக்கும். அந்தப் பாழாப்போன கிளிப்பை நம்பி நான் வெச்சேன்.

ஓரங்கட்டினேன். ஆற விட்டு, தண்ணி ஊத்தி, டிக்கியில இருந்து லைட்டை எடுத்தேன். பாருங்க தம்பி, இந்த வேலைக்கு ரெண்டு ஆளு வேணும். ஒரு ஆளு லைட்டைப் புடிச்சுக்கிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்போணும், ஒரு ஆளு உள்ளார உக்காந்து ஆக்சிலேட்டரை மிதிக்கோணும். எங்களுக்குக் கொழந்தைங்க இல்லை. வண்டி வேலைன்னா எனக்குக் கூட ஆளு எப்பவும் அவதான். மிதின்னா மிதிப்பா, உடுன்னா உடுவா, அந்தக் கால் பதம் பட்டறையில எவனுக்கும் வராது. அன்னைக்கும் உக்காந்தா. அழுதுகிட்டேதான் உக்காந்தா, ஆனா உக்காந்தா. நான் மிதிங்கறேன், மிதிக்கறா. உடுங்கறேன், உடறா. வெட்டு குதிச்சுக்கிட்டே இருக்குது. ரோட்டுல காங்கயம் பஸ்ஸு ஒண்ணு போச்சு. ஏனுங்க, பஸ்ஸுல போயிரலாமான்னு கேட்டா. ரெண்டு நிமிசம்னேன். இன்னொரு பஸ்ஸு போச்சு. ரெண்டே நிமிசம்னேன். வெயிலுக்கு லைட்டு வெளிச்சமே தெரியலீங்க, துண்டைப் போத்திக்கிட்டுப் பாக்கறேன்.

துண்டை எடுத்துட்டுத் திரும்புனா உள்ளார ஆளைக் காணோம். இஞ்சினு ஓடிக்கிட்டிருக்குது, கதவு தெறந்து கெடக்குது. அவ ரோட்டுல நின்னு கையைக் காட்டி, நிறுத்துன பஸ்ஸுல ஏறிக்கிட்டிருக்கா. மணி பத்தாகப் போவுது. செருப்பு வண்டிக்குள்ளயே கெடக்குது.

அவ போய்ச் சேரும்போது பதினொண்ணு ஆயிருச்சுங்க. பத்து இருவத்தஞ்சு வரைக்கும் மச்சான் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வெச்சுப் பாத்திருக்காரு. பெரியவங்க உடமாட்டேன்னுட்டாங்க. இவ போறா, ஊட்டைக் கழுவி உட்டுக்கிட்டு இருக்காங்க. வாசல்ல இருந்து தண்ணி தெருவுல ஓடிட்டு வருது, இவ அந்தத் தண்ணியை மிதிச்சுக்கிட்டு உள்ள போயிருக்கா. நம்ம பக்கம் பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்லைன்னு உங்களுக்கே தெரியும். பெத்த தாய்க்கு வாய்க்கரிசி போடலை, மூஞ்சியப் பாக்கலை.

பாவந்தானுங்க. நான் இல்லைங்கலை. எனக்கு மட்டும் வருத்தம் இல்லீங்களா? நானும் போய்ச் சேந்தேன், ஒரு மணிக்கு. ஒண்ணு சொல்றேன் தம்பி, அவ போனதுக்கப்புறம் நான் கண்ணை மூடிக்கிட்டு ஒரு குத்துமதிப்பா வெச்சேன் பாருங்க, வண்டி பூவாட்டம் ஓடுச்சு. தென்னிலையில இருந்து காங்கயம் ஒரே மூச்சு. போனதும் அவகிட்டச் சொன்னேன், வண்டி சரியாயிருச்சுன்னு. நல்லபடியாத்தான் சொன்னேன். திரும்பிப் போறதுக்குக் கஷ்டமில்லைன்னு தெரியட்டும்னுதான். ஒரு பார்வை பாத்தா. கருமாதி முடிஞ்சுது, நான் வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். மச்சான்தான் வெளிய வந்தாரு. அவ கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டும் மாப்பிள்ளைன்னாரு. அந்தக் கொஞ்ச நாளுதான் நாலு மாசம்.

இது பல்லடமுங்களா? இத்தனை சீக்கிரமாவா வந்துட்டான்? இருங்க, அந்தப் பக்கம் வெயிலு வருது, நான் இப்படித் திரும்பி உக்காந்துக்கறேன். இல்லீங்க, அந்தப் பக்கமே பரவால்லை.

அதனாலதான் லைட்டை மாத்தோணும்னு நின்னேன். தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சாச்சு, அந்தக் கிளிப்புதான். இப்ப இந்த லைட்டுல கிளிப்பு இரும்பு. வாயி எப்படிக் கவ்வுது பாருங்க. இந்தாங்க, உங்க விரலை வெக்காதீங்க, சும்மா பாருங்க. நாளைக்குக் காலையில டைமிங்கை வெச்சுட்டு, ஞாயித்துக்கெழமை காரை எடுத்துக்கிட்டு நேரா காங்கயம். ரெண்டு லைட்டையும் எடுத்துட்டுப் போறேன். இதைப் பாரு, அதைப் பாரு, இந்தக் கிளிப்பு மூடலை, இது மூடுதுன்னு கையில குடுத்துக் காட்டிட்டா அவளுக்கே புரிஞ்சுரும். பத்து வருசமா கூட நின்னு மிதிச்சவளுக்கு இது புரியாதுங்களா?

பஸ்ஸு அங்கதான நிக்கப் போவுது, இப்பவே எறங்கிப் போய்ப் பாக்கலாமேங்கறீங்க. எப்படிங்க வெறுங்கையோட போறது? லைட்டு இருக்குது, ஆனா வண்டி இல்லையே. வண்டி இல்லாம லைட்டை வெச்சு என்னத்தக் காட்டறது? பேசறதா? பேசறதெல்லாம் போன்ல பேசறோமுங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா நானே கூப்பிடறேன். எடுக்காம இருக்க மாட்டா. சாப்பிட்டீங்களான்னு கேப்பா. மாத்திரை போட்டீங்களாம்பா. அப்புறம் ஒண்ணு கேப்பா. எப்பக் கூப்பிட்டாலும் அதே ஒண்ணைத்தான் கேப்பா.

"அண்ணன் உங்களுக்கு எத்தனை மணிக்குங்க போன் பண்ணுனாரு?"

இதான். வேற ஒண்ணும் கேக்க மாட்டா. நானும் கிளிப்பைப் பத்திச் சொல்லுவேன், ஈரோட்டுல வாங்குனதைப் பத்திச் சொல்லுவேன், எல்லாத்தையும் கேட்டுக்குவா. கேட்டுட்டு, சரிங்க வெச்சர்றேன்னு வெச்சுருவா. எனக்கு ஆத்திர ஆத்திரமா வரும். ஏனுங்க தம்பி, அண்ணன் அந்த ஊட்டுலயேதான இருக்காரு? பக்கத்து ரூம்புல. எத்தனை மணிக்குப் போன் பண்ணுனேன்னு அவரைக் கேட்டாச் சொல்லிட்டுப் போறாரு. அவரு போனை எடுத்துப் பாத்தாக்கூட இருக்கும். அதை விட்டுப்போட்டு என்னை எதுக்குக் கேக்கோணும்?

ஏழே காலுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானங்கறீங்க.

ஆமாங்க. சொல்லலாம்.

தண்ணி பாட்டலு வெச்சிருக்கீங்களா? ஒரு வாய் குடுங்க. இந்த பஸ்ஸுல சன்னலும் ஏறாது, காத்தும் வராது.

நீங்க ஒண்ணும் எங்க பக்கத்து ஒறம்பரை சொந்தம் இல்லையே? உங்களுக்கு மச்சானைத் தெரியாதில்ல? தெரியாதுன்னா சரி.

ஆறே காலுங்க.

மச்சான் போன் பண்ணுனது ஆறே காலுக்கு. நான் அஞ்சரைக்கே எந்திரிச்சு பேனட்டைத் தெறந்துட்டேன், வெயில் வர்றதுக்குள்ள முடிச்சாத்தான் லைட்டு கண்ணுக்குத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரை லூஸ் பண்ணி வெச்சிருக்கேன், ஒரு கையில லைட்டு. சட்டைச் சோப்புல போன் அடிக்குது. இடது கையால எடுத்தேன். மச்சான் அழுவறாரு. விசயத்தைச் சொல்றாரு. சரிங்க மச்சான், கெளம்பறோம்னு சொல்லிட்டு சோப்புக்குள்ள போட்டுட்டேன்.

அப்ப நான் என்ன நெனைச்சேன்னா, டைமிங்கு இப்ப கலைஞ்சு கெடக்குது. இவகிட்ட இப்பச் சொன்னா ஓன்னு அழுதுட்டு உழுந்துருவா, அப்புறம் யாரு மிதிக்கறது? அஞ்சே நிமிசம். வெச்சு முடிச்சுட்டு, வண்டியை ரெடி பண்ணிட்டு, அப்புறம் சொல்லிக்கலாம். எப்படியும் வண்டியிலதான் போகோணும். அவ அம்மாகிட்டப் போறதுக்குத்தான் வண்டியைச் சரி பண்றேன். இதுல என்ன தப்பு இருக்குது சொல்லுங்க? அஞ்சு நிமிசம்னு நெனைச்சேன்.

காப்பி கொண்டாந்தா. கொண்டாந்து திட்டு மேல வெச்சுட்டு, யாருங்க போன்லன்னா. பட்டறையிலருந்துன்னேன். வா, வந்து மிதின்னேன். சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு உள்ள உக்காந்தா. மிதிக்கறா, உடறா. வெட்டு குதிக்குது. மறுக்கா திருப்பறேன், மறுக்கா குதிக்குது. நடுவால அவ பேசிக்கிட்டே இருந்தா. ஞாயித்துக்கெழமை போயி அம்மாவப் பாத்துட்டு வரலாமுங்க, போன வாட்டி நாரத்தங்கா ஊறுகா கேட்டுச்சு, போட்டு வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போலாம்னா. போலாம் போலாம், நீ மிதின்னேன்.

ஒரு மணி நேரம் தம்பி. ஒரு மணி நேரம் மிதிச்சா. அங்க அவ அம்மாவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க. இவ இங்க சிரிச்சுக்கிட்டு, எனக்கு ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டு இருந்தா.

ஏழே காலுக்குத்தான் சொன்னேன். இப்பத்தான் போன் வந்துச்சுன்னு சொன்னேன்.

அவளுக்குத் தெரியுமான்னு கேக்கறீங்க. எப்படிங்க தெரியும்? யாரு சொல்லுவா? மச்சானுக்கும் அவளுக்கும் அதைப் பத்திப் பேச என்ன இருக்குது? தெரிஞ்சிருந்தா என்னைக் கேக்க மாட்டாளே. தெரியாததாலதான கேக்கறா. இல்லீங்களா?

என்ன அப்படிப் பாக்கறீங்க.

இதை நான் வாய் விட்டு யாருகிட்டயும் சொன்னதில்லை. உங்ககிட்டத்தான். உங்க மூஞ்சி கூட எனக்கு நாளைக்கு ஞாபகம் இருக்காது, அதான் வந்துருச்சு. ஆனா ஒண்ணு தம்பி, லைட்டு மட்டும் நல்ல லைட்டா இருந்திருந்தா, ஆறு இருவதுக்கு வேலை முடிஞ்சிருக்கும். ஆறு இருவத்தஞ்சுக்குச் சொல்லியிருப்பேன். பத்து நிமிசம் முன்னப் பின்ன, அதை யாரும் கணக்குப் பாத்திருக்க மாட்டாங்க. அப்ப தப்பு எங்க இருக்குது? அந்தக் கிளிப்புலதான? நான் நாலு மாசமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன், யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டேங்கறாங்க.

காங்கயம் வந்துருச்சுங்களா? அதோ களத்துல கொப்பரை காயுது பாருங்க. மச்சானுது இது இல்லை, அது அந்தப் பக்கம்.

பத்து நிமிசம் நிக்குமாங்க? கண்டக்டரு டீ குடிக்கத்தான் எறங்கறாரு. நீங்க சொல்றது சரிதான். எறங்கி ஊட்டுக்குப் போக வேண்டாம், போன்லயே சொல்லிப்போடுங்கன்னு சொல்றீங்க. ஒரே வார்த்தைதான? ஆறே காலு. உங்ககிட்டச் சொன்னேன், வாயில சுளுவா வந்துச்சு. அவகிட்டச் சொல்றதுக்கு என்ன? சொல்லிப்போட்டு வந்தர்றேன். இந்தப் பொட்டியை மட்டும் கொஞ்சம் மடியில வெச்சுக்குங்க. நேரா வெச்சுக்குங்க, சாய்ச்சராதீங்க. டிரைவரு எடுத்தார்னா ஒரு கொரலு குடுங்க.

அப்பாடா. நகந்துக்குங்க தம்பி. ஓடியாந்து ஏறுனதுல மூச்சு வாங்குது. பொட்டியைக் குடுங்க. சாய்ச்சீங்களா? சரி, சரி, கோவிச்சுக்காதீங்க.

எடுத்தாளுங்க. மொத அடியிலயே எடுத்தா. பஸ்ஸு சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்போல, எங்க இருக்கீங்கன்னா. காங்கயம் பஸ் ஸ்டாண்டுலதான்னேன். அப்புறம் கேட்டா. அதேதான். எத்தனை மணிக்குங்கன்னா.

சொன்னேனுங்க. லைட்டு நல்லதாக் கெடைச்சிருச்சுன்னு சொன்னேன். கிளிப்பு இரும்புன்னு சொன்னேன்.

எப்பவும் சரிங்கன்னு டக்குனு வெச்சுருவா. இன்னைக்கு வெக்கலீங்க தம்பி. ஒரு வார்த்தை பேசலை, வெக்கவும் இல்லை. நான் சும்மா நிக்கறேன், அவ மூச்சு உடறது கேக்குது. ரொம்ப நேரம் புடிச்சுக்கிட்டே இருந்தா.

நாந்தான் வெச்சேன். டிரைவரு ஆரன் அடிச்சுட்டாருங்களே, நான் என்ன பண்ணட்டும்.